கடாரத்தின் மலை: ஜெராய்க் காட்டுவழிகள் காட்டும் வரலாறு

கடாரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது 1025ஆம் ஆண்டு. முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பு, அவன் பெற்ற ‘கடாரங்கொண்டான்’ என்னும் விருது, தஞ்சைப் பெரிய கோயிலில் பொறிக்கப்பட்ட மெய்க்கீர்த்தி ஆகியவற்றோடு நம் பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால், அந்தக் கலங்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடாரம் வணிகர் அறிந்த துறையாக விளங்கியது. அத்துறை வேறெங்கும் தோன்றாமல் அவ்விடத்தில் தோன்றியது ஏன்? கல்வெட்டுகளை மட்டும் படித்து இவ்வினாவுக்கு விடை காண இயலாது. கெடா மாநிலத்தின் தென்பகுதியில் எழுந்து நிற்கும் ஜெராய் மலையையும், அதன் காட்டையும், ஓடைகளையும், அவற்றை ஒட்டிச் செல்லும் வழிகளையும் நாம் படித்தாக வேண்டும். கடலில் தொடங்கிச் சிகரத்தை அடைந்து, அங்கிருந்து நீரின் போக்கிலேயே அடிவாரத்துக்கு இறங்கி வருவோம்.

கடலிலிருந்து தெரியும் மலை

ஜெராயின் உயரம் 1,217 மீட்டர். இதனினும் உயர்ந்த மலைகள் தீபகற்பத்தில் பல உள்ளன. ஆயினும் அவை மலைத்தொடர்களின் நடுவே மறைந்து நிற்பவை. ஜெராயோ கடற்கரையை ஒட்டித் தனியே நிற்கிறது. அதனைச் சூழ்ந்திருப்பது தாழ்ந்த சமவெளி. ஆகவே, மேற்கிலிருந்து வரும் மாலுமியின் கண்ணுக்குக் கரை தெரியும் முன்பே மலை தெரிந்துவிடும்.

அது அமைந்துள்ள இடமும் கருதத்தக்கது. ஜெராய் ஏறத்தாழ 6 பாகை வட அட்சக்கோட்டில் இருக்கிறது. நிக்கோபார்த் தீவுகளுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடைப்பட்ட கடல்வழியும் ஏறத்தாழ அதே கோட்டில்தான் உள்ளது. தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ புறப்பட்டு அவ்வழியே நுழைந்த கலம், திசை மாறாமல் நேர்கிழக்கே சென்றால் கெடாக் கரையை அடையும். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரத்தையும் கடாரத்தையும் அடுத்தடுத்துக் குறிப்பிடுகிறது. மாநக்கவாரம் என்பது நிக்கோபார். இவ்விரு பெயர்களையும் நிலப்படத்தில் வைத்துப் பார்க்கும் மாணவர், பழைய கடல்வழி ஒன்றைத் தம் விரலாலேயே தொடர முடியும்.

தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கலங்கள், காற்றுத் திரும்பும்வரை ஒதுங்கியிருக்க அமைதியான கழிமுகமும் குடிநீரும் வேண்டும். மலையின் தெற்கே மெர்போக் ஆற்றின் கழிமுகமும், மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் அத்தேவைகளை நிறைவு செய்தன. அக்காலக் கடற்கரை இன்றுள்ளதைவிட உள்ளே இருந்தது என்பது ஆய்வாளர் கருத்து. ஜெராய் முன்னர் ஒரு தீவாக இருந்ததென்று ‘ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா’ என்னும் பழைய மலாய் நூலும் கூறுகிறது. அத்தீவுக்கு அது தரும் பெயர் புலாவ் செராய்.

சிகரமும் அருவிகளும்

இன்று குரூண் பக்கத்திலிருந்து மலைமேல் செல்ல வாகனச் சாலை உண்டு. நடந்து ஏறுவோர் அருவிகளை ஒட்டிய காட்டுவழிகளை நாடுகின்றனர். மேற்கே யான் வட்டாரத்தில் தித்தி ஹாயுன், செரி பெரிகி ஆகிய அருவிகள் உள்ளன. தெற்கே மெர்போக் பக்கத்தில் தூப்பா. அடிவாரத்தில் நெடிதுயர்ந்து நிற்கும் மரங்கள், மேலே செல்லச் செல்லக் குறுகிப்போகின்றன. மண் மெலிந்து பாறை வெளிப்படும் இடங்களில் குடுவைச் செடிகள் பூச்சிகளை உண்டு வாழ்கின்றன. இம்மலையின் மணற்கல், தீபகற்பத்தின் மிகப் பழைய பாறைகளுள் ஒன்று. பிற்காலத்தில் அதனை ஊடுருவி எழுந்தது கருங்கல். இந்தக் கருங்கல் பின்னர் நம் வரலாற்றுக்குள் வருகிறது.

சிகரப் பகுதியிலும் பழைய கட்டட எச்சங்கள் காணப்பட்டன. அவை கோயிலின் அடித்தளம் என்பார் சிலர். கலங்களுக்கு வழிகாட்டத் தீ மூட்டிய மேடை என்பார் சிலர். எதுவாயினும், அவ்வளவு உயரத்துக்கு மனிதர் கட்டுமானப் பொருளைச் சுமந்து சென்றனர் என்பது உறுதி. மலையேறும் வழி இன்றைய உலாப்பயணிகளுக்காகத் தோன்றியதன்று.

நீரின் போக்கில்

தெற்குச் சரிவில் இறங்கும் சுங்கை மெர்போக் கெச்சில் என்னும் ஓடையின் கரையில்தான் புக்கிட் பத்து பாஹாட் கோயில் இருக்கிறது. ‘பத்து பாஹாட்’ என்றால் உளியால் செதுக்கிய கல் என்பது பொருள். கோயிலின் கருங்கற்கள் மலை தந்தவை; பெயரோ கல்தச்சரின் தொழிலை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் இப்பள்ளத்தாக்கில் ஏறத்தாழ முப்பது இடங்களை ஆராய்ந்தபோது, இதற்கு 8 என்று எண்ணிட்டார். 1950களின் இறுதியில் அலஸ்டேர் லேம் தலைமையில் இது மீண்டும் அகழப்பட்டு, அதே இடத்தில் சீரமைக்கப்பட்டது. விமானமும் மண்டபமும் கொண்ட அமைப்பு நமக்குப் பழக்கமானது. ஆனால், மேற்கூரை மரத்தாலானது என்பதைத் தூண்களைத் தாங்கிய அடிக்கற்கள் உணர்த்துகின்றன. அமைப்பு இந்திய மரபைச் சார்ந்தது. கல்லும் மரமும் கூரை வேயும் முறையும் இம்மண்ணுக்குரியவை.

இன்னும் கீழே இறங்கினால் பெங்காலான் பூஜாங். ‘பெங்காலான்’ என்பது படகு அணையும் துறை. இன்று அது கடலிலிருந்து விலகிய சிற்றூர். பெயரோ துறை என்றே நிற்கிறது. அங்குக் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும், மணிகளும் அப்பெயருக்குச் சான்று. ‘பூஜாங்’ என்பதும் பாம்பைக் குறிக்கும் ‘புஜங்க’ என்னும் வடசொல்லிலிருந்து வந்ததென அறிஞர் பலர் கருதுவர்.

கிழக்கே சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009 முதல் நடத்திய அகழாய்வுகள், வரலாற்றின் மற்றொரு பக்கத்தைத் திறந்தன. இரும்பு உருக்கிய இடங்கள், உலைக்குக் காற்றூதிய சுடுமண் குழாய்கள், ஆற்றங்கரைத் துறைகளின் செங்கல் கட்டுமானங்கள் ஆகியவை வெளிப்பட்டன. அவற்றின் மிகப் பழைய காலம் குறித்து ஆய்வாளரிடையே விவாதம் உண்டு. எனினும், இங்கு வாழ்ந்தோர் வந்த கலங்களுக்கு நீர் கொடுத்து அனுப்பியவர்கள் மட்டுமல்லர். உலை மூட்டி இரும்பு வடித்த தொழில் வல்லோர் என்பதில் ஐயமில்லை. உலைக்குக் கரியும் கட்டடத்துக்கு மரமும் காட்டிலிருந்தே வர வேண்டும். அவற்றைக் கொணர்ந்தவர்களின் நடைபாதைகளே இம்மலையின் முதல் வழிகள்.

யாருடைய கடாரம்?

பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த பொருள்களுள் காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது. காழகம் கடாரமே என்பது நச்சினார்க்கினியர் உரை. இராசராசன் காலத்தில் கடாரத்தரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூளாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டதைச் செப்பேடுகள் காட்டுகின்றன. படையெடுப்புக்கு முன்னர் இரு கரைகளுக்கும் இடையே நட்பும் வணிகமும் இருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனவே, ‘கடாரத்தைத் தமிழர் உண்டாக்கினர்’ என்று மேடையில் முழங்குவது வரலாறு ஆகாது. 1834இல் ஜேம்ஸ் லோ செபராங் பிறையில் கண்டெடுத்த 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் பெருநாவிகனைக் குறிப்பிடுகிறது. அவனது ஊர் வங்கத்தில் இருந்ததெனக் கருதப்படுகிறது. சீனத் துறவி இட்சிங்கும் 7ஆம் நூற்றாண்டில் இந்தியா செல்லும் வழியில் கெடாவில் தங்கினார். பலரும் வந்த துறை இது. வந்தவர்களை ஏற்று வாழ்வித்த மக்கள் இம்மண்ணினர். அவ்வரலாற்றில் தமிழர்க்கு உரிய பங்கு பெரிது. அப்பங்கு நிலைபெற மிகைக்கூற்று தேவையில்லை. சான்றுகள் அழியாமல் இருந்தாலே போதும்.

சான்றுகளோ அழிகின்றன. சுங்கை பத்து வட்டாரத்தில் 11 என்னும் எண்ணால் அறியப்பட்ட கோயிலின் எச்சம், நில மேம்பாட்டு வேலையின்போது இடித்து அகற்றப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. செய்தி பரவியபோது வருந்தியவர் பலர். ஆயினும், அப்படியோர் இடம் இருந்ததையே அன்றுதான் அறிந்தவர் அவர்களுள் எத்தனை பேர்? அறியாத ஒன்றைக் காக்கும்படி யாரும் கேட்பதில்லை.

ஆசிரியர்கள் இங்கே செய்யக்கூடியது பெரிது. சுங்கை பட்டாணி, பீடோங், மெர்போக் ஆகிய ஊர்களின் மாணவர்க்கு இம்மலை அன்றாடக் காட்சி. பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது, கோயிலைக் காட்டிவிட்டுத் திரும்பாமல், பக்கத்து ஓடையையும் அதன் பாறைகளையும் காட்டலாம். ஊர்ப்பெயர்களின் மலாய்ப் பொருளைக் கேட்டுப் பட்டியலிடச் செய்யலாம். பழைய கடற்கரை எங்கிருந்திருக்கும் என்று வரைந்து பார்க்கச் சொல்லலாம். இவற்றையெல்லாம் செய்த மாணவர், அடுத்த முறை ஒரு மேட்டின்மேல் இயந்திரம் ஏறும்போது, அம்மேட்டின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பார்.

கடாரத்தைக் கொண்டவன் பெயரை நாம் அறிவோம். அங்குக் கல் உடைத்தவர், உலை ஊதியவர், காட்டுவழியே மரம் சுமந்தவர் பெயர்களை எக்கல்வெட்டும் கூறவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற எழுத்து மலையிலும் ஓடையிலும்தான் இருக்கிறது. அதனைப் படிக்கக் கற்பிப்பதும், படித்து முடிக்கும்வரை அழியாமல் காப்பதும் நம் கடமை.