மட்டக்களப்பில் ஆள்விபரம்

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரை என்றும் மேற்கே படுவான்கரை என்றும் வழங்கும் நிலப்பரப்பில், ஓர் ஆள் இன்னார் என்பதை நெடுங்காலம் நிலைநாட்டியது அவருடைய குடியே ஆகும். குடி என்பது இங்கு தாய்வழியாக இறங்கும் மரபுக்குழு; ஒரே குடிக்குள் மணம் விலக்கப்பட்டமையால் சம்பந்தம் பேசுவோர் முதலில் குடியையே விசாரித்தனர்; கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயில் போன்ற இடங்களில் திருவிழாப் பங்கும் வரிசையும் குடிப்படியே அமைந்தன. கரையோர முஸ்லிம் ஊர்களிலும் இம்முறை உண்டு. கோயிலில் குடியின் சார்பாக நின்ற வண்ணக்கரும் பள்ளிவாசலில் நின்ற மரைக்காரும் இவ்வறிவைப் பெரும்பாலும் நினைவிலேயே காத்தனர். ஏற்றத்தாழ்வையும் அந்நினைவே காத்தது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் தன்னைப் பற்றிய செய்தி யாரிடம் உள்ளது என்பதை அறிந்த ஒருவர், அது பிழையாயின் கோயில் முன்றலிலேயே வழக்குரைக்க முடிந்தது.

இலங்கையில் அரசோ ஆளை வேறு விதமாகப் பதிந்தது. 1871ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு இனத்தையும் சமயத்தையும் எண்ணியது. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் வழியே தேசிய அடையாள அட்டை வந்தது. பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டு பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்று அவ்வாண்டில் பிறந்த நாளின் வரிசையையும் குறிக்க, பெண்ணாயின் அந்நாளெண்ணுடன் 500 கூட்டப்பட்டது. ஆகவே எண்ணைப் பார்த்தவர் கேளாமலே வயதையும் பாலையும் அறிந்தார். போர்க்காலச் சோதனைச்சாவடிகளில் இவ்வட்டையின்றி நடமாடுதல் அரிதாயிற்று. வீதியில் ஒவ்வொருவரையும் இவ்வாறு அறிய முயன்ற அரசால், 2001ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தின் மக்களை முழுமையாக எண்ண முடியவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. அது 2012இலேயே கைகூடியது.

அடையாள அட்டையின் அதே எண்ணைக் கொடுத்தே இன்று சிம் அட்டை வாங்கப்படுகிறது. அதன்பின் கைப்பேசிச் செயலிகள் வழியாகப் பெருநிறுவனங்கள் திரட்டுவது, அட்டையில் இல்லாத விபரங்களாகும்: ஒருவர் எங்கே நின்றார், எதை நெடுநேரம் பார்த்தார், யாருடைய எண்ணைச் சேமித்தார் என்பன விளம்பரதாரருக்கு ஏற்ற ஆட்களைத் தெரிவு செய்யவும், எந்தப் பதிவு யார் கண்ணிற் படவேண்டும் என்பதைத் தீர்மானிக்கவும் பயன்படுகின்றன. குடியை எந்த அட்டையும் பதிந்ததில்லை. ஆயினும் தொடர்பு எண்களின் பட்டியலிலிருந்து உறவுகளை ஊகித்தல் கணினிக்கு அரிதன்று. பதிவுகள் பரவும் விதத்தின் கேடும் வெளிப்பட்டது: 2018 பெப்ரவரியில் அயல் மாவட்டமான அம்பாறையில் உணவில் கருத்தடை மருந்து கலந்ததான வதந்தியை அடுத்து முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். மார்ச்சில் கண்டியிலும் வன்முறை பரவியபோது அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. தன் தளம் அதில் வகித்த பங்குக்காக பேஸ்புக் 2020இல் வருத்தம் தெரிவித்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றி வைத்திருப்பதைக் காட்டுமாறும் பிழையைத் திருத்துமாறும் எழுத்தில் கேட்கும் உரிமையை ஒருவருக்கு வகுத்துள்ளது.