51 நிமிட எக்ஸ்போஷர்: ஓரியன் நெபுலாவின் முதல் போட்டோ

டிஎஸ்எல்ஆர் கையில வந்ததும் ராத்திரி வானத்தைப் படம் எடுக்கக் கிளம்புறவங்க பெரும்பாலும் முதல்ல குறி வைக்கிறது ஓரியன் நெபுலாவைத்தான். நம்ம திருவாதிரை நட்சத்திரம் இருக்குற அதே ஓரியன். நடுவுல மூணு நட்சத்திரம் வரிசையா நிற்குமே, அதுக்குப் பக்கத்துல புகை மாதிரி மங்கலா ஒண்ணு தெரியும். மனுஷன் முதன்முதலா போட்டோ எடுத்த நெபுலாவும் இதுதான்.

எடுத்தவர் ஹென்றி டிரேப்பர். நியூயார்க்கில் மருத்துவப் பேராசிரியர். வானியல் அவருக்குச் சம்பளம் தந்த வேலை இல்லை. அவரோட அப்பா 1840-லேயே நிலாவைப் படம் பிடித்தவர். ஆனா நிலா பளிச்சுனு இருக்கும், நெபுலா அப்படியா?

அதுவரைக்கும் டெலஸ்கோப்பில் பார்த்து கையாலதான் வரைஞ்சாங்க. ஒருத்தர் வரைஞ்சது இன்னொருத்தர் வரைஞ்சதோட ஒத்துப்போகாது. அப்போ நெபுலா மாறிடுச்சா, இல்ல வரைஞ்சவரோட கண்ணும் கையும்தான் வேறயா? சண்டை போடலாம், தீர்க்க முடியாது. போட்டோ எடுக்கலாம்னா, அன்றைய கண்ணாடித் தகட்டுல பூசின கொலோடியன் காயுறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சாகணும். சில நிமிஷம்தான் கிடைக்கும். டிரேப்பருக்கு அந்த ஈரத் தகடுகளைப் பூசித் தந்தது அவர் மனைவி அன்னா.

1871-ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் (இவரும் டாக்டர்தான், என்னவோ தெரியல!) ஜெலட்டின் உலர் தகட்டுக்கு வழி காட்டினார். 1879-ல் லண்டன் போன டிரேப்பர், வில்லியம் ஹக்கின்ஸ் அதைப் பயன்படுத்துறதைப் பார்த்தார். தகடு காய்ஞ்சிடுமேன்னு ஒரு கவலையே இல்லைன்னா, ஷட்டரை எவ்வளவு நேரம் வேணும்னாலும் திறந்து வைக்கலாமே!

1880 செப்டம்பர் 30. 11 அங்குல டெலஸ்கோப், 51 நிமிடம். பூமி சுத்துறதுக்கு ஈடா டெலஸ்கோப்பைத் திருப்ப ஒரு கடிகார இயந்திரம். இன்னைக்கு நாம வாங்குற ஸ்டார் டிராக்கர் செய்யுறதும் அதே வேலைதான். படம் அழகுன்னு சொல்ல முடியாது. 1882 மார்ச்சில் 137 நிமிடம் வரை போனார். அது நிஜமாவே நல்ல படம். அதே வருஷம் நவம்பரில், 45 வயசுல இறந்துட்டார்.

அன்னா விடலை. ஹார்வர்டுக்குப் பணமும் கருவிகளும் கொடுத்தார். அதுல உருவானதுதான் 2,25,300 நட்சத்திரங்கள் கொண்ட ஹென்றி டிரேப்பர் அட்டவணை. கோள் கண்டுபிடிப்புச் செய்திகள்ல 'எச்டி 209458'னு வருதே, அந்த எச்டி இவர்தான்.

1883-ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ காமன், வீட்டுத் தோட்டத்துல வச்சிருந்த 36 அங்குலக் கண்ணாடி டெலஸ்கோப்பால அதே நெபுலாவை எடுத்தார். அந்த டெலஸ்கோப்பில் கண்ணால பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் தகட்டுல இருந்துச்சு. கேமரா கண்ணை முந்தினது அங்கதான்.

உங்க டிஎஸ்எல்ஆர்ல ஒரு சிக்கல் உண்டு. நெபுலாவோட ஆழ்ந்த சிவப்பைச் சென்சாருக்கு முன்னாடி இருக்குற ஃபில்டர் பெரும்பாலும் தடுத்துடும். அதுக்காகவே 2005-ல் கேனன் '20டிஏ'ன்னு தனி மாடல் விட்டது. ஆனா ஓரியன் வெளிச்சமானது, சாதாரண பாடியிலயே வரும். டிராக்கர் இல்லைன்னா 500-ஐ லென்ஸோட ஃபோக்கல் நீளத்தால வகுங்க. 50 எம்எம் லென்ஸுக்கு 10 வினாடி, கிராப் சென்சார்னா 6. அப்படி 500 படம் எடுத்து ஸ்டாக் பண்ணினா, 6 வினாடி கணக்குல மொத்தம் 50 நிமிடம்.