விலையில்லாச் சஞ்சிகைகளும் வாசகர் தெரிவும்

சென்ற தலைமுறையைச் சேர்ந்த எமது ஆசிரியர்களுக்கு ஆய்வுச் சஞ்சிகை என்பது கண்ணாற் காண்பதற்கே அரிய பொருளாக இருந்தது. பல்கலைக்கழக நூலகத்துள் நுழையும் உரிமை பெற்றோர்க்கு அது கிட்டியது; ஏனையோர் பாடநூலோடு அமைந்தனர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, இருந்த சிறு வசதியும் ஒரே இரவிற் சாம்பலாயிற்று. இன்றோ, கைத்தொலைபேசி வைத்திருக்கும் மாணவன் ஒருவன் நிலவுடைமை பற்றியோ நிலத்தடி நீர் பற்றியோ ஒரு சொல்லை இட்டுத் தேடினால், எவரும் விலையின்றிப் படிக்கத்தக்க கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிகின்றன. திறந்த அணுக்கச் சஞ்சிகைகள் என்று இவற்றை அழைக்கின்றனர். இவற்றுள் எதைப் படிப்பது, எதைத் தள்ளுவது என்னும் வினா எம் ஒவ்வொருவர் முன்னும் நிற்கிறது. இவ்வினா புதியதன்று, அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தில் பணம் எந்தத் திசையிற் பாய்ந்தது என்பதைக் கவனியாது விடைகாண முயல்வது வீண் என்பது எமது கருத்து.

1665 ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிஸ் நகரில் டெனி டி சலோ என்பார் ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு மார்ச் மாதம் 6 ஆம் திகதி லண்டனில், றோயல் சொசைற்றி என்னும் விஞ்ஞானச் சங்கத்தின் செயலாளரான ஹென்றி ஒல்டன்பேர்க் மற்றொன்றை வெளியிட்டார். பின்னது இன்றும் வெளிவருகிறது. அது சங்கத்தின் பிரசுரமன்று, ஒல்டன்பேர்க்கின் சொந்த முயற்சி. அதனால் வருமானம் கிட்டும் என்று அவர் நம்பினார். நம்பிய அளவுக்குக் கிட்டவில்லை. 1752 இலேதான் சங்கம் அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. ஆகவே, ஆய்வுச் சஞ்சிகை பிறந்தபோது வணிக எண்ணமும் உடன்பிறந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

துறைவல்லார் மதிப்பிட்டுத் தேர்ந்த கட்டுரையே நம்பத்தக்கது என்று இன்று வேதவாக்குப்போற் சொல்லப்படுகிறது. இவ்வழக்கமோ நாம் எண்ணுமளவு பழையதன்று. புகழ்பெற்ற 'நேச்சர்' சஞ்சிகை எல்லாக் கட்டுரைகளையும் வெளி மதிப்பீட்டுக்கு அனுப்பும் முறையை நிலைநிறுத்தியது 1973 இலேதான். 1936 இல் ஐன்ஸ்டைனும் றோசன் என்பவரும் ஈர்ப்பலைகள் இல்லை என்று வாதித்து அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றுக்கு எழுதியனுப்பினர். ஆசிரியர் அதை ஒரு மதிப்பீட்டாளரிடம் கொடுத்தார். அவர் பிழை சுட்டினார். தம் அனுமதியின்றிப் பிறரிடம் காட்டியது தவறு எனச் சினந்து ஐன்ஸ்டைன் கட்டுரையை மீளப் பெற்றுக்கொண்டார். மறுவருடம் அது வேறு சஞ்சிகையில் முடிவு மாறி வெளிவந்தது! மதிப்பீட்டாளர் கூறியதே சரியாயிருந்தது. மேதைக்கும் மதிப்பீடு பயன்படும் என்பதற்கு இது சான்று. எனினும், மதிப்பீடு நடந்தது என்று சஞ்சிகை தானே கூறிக்கொள்வது வேறு; அது உண்மையில் நடந்திருப்பது வேறு.

எதைப் படிப்பது என்னும் வினாவை அளவைமுறையால் ஆராய்ந்தோருள் நூலகங்களின் பொறுப்பாளர்களும் இருந்தனர். லண்டன் விஞ்ஞான அருங்காட்சியக நூலகத்தைச் சேர்ந்த சாமுவேல் பிறட்போட் 1934 இல் வெளியிட்ட கணக்கு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. புவிப்பௌதிகம் பற்றிய 1,332 கட்டுரைகள் 326 சஞ்சிகைகளிற் சிதறிக்கிடந்தன. அவற்றுள் 9 சஞ்சிகைகள் மட்டுமே 429 கட்டுரைகளைத் தந்தன. அடுத்த 59 சஞ்சிகைகள் 499 கட்டுரைகளைத் தந்தன. எஞ்சிய 258 சஞ்சிகைகளில் 404 இருந்தன. நடுவில் ஒரு சிறு கரு, அதைச் சூழ்ந்து அகன்று செல்லும் வட்டங்கள். இக்கணக்கின் கடைசி வரிக்கு நாம் பின்னர் திரும்புவோம்.

நூலகர்கள் திரும்பவில்லை. கரு மட்டும் போதும் என்ற எண்ணமே வளர்ந்தது. அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட் 1964 இல், எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டியது என்பதற்கு ஒரு பெரும் அட்டவணை வெளியிட்டார். 1975 முதல் சஞ்சிகைகளைத் தாக்கக் காரணி என்னும் எண்ணால் வரிசைப்படுத்தும் தொகுதியும் வந்தது. வாங்குவதைத் தெரிவு செய்ய உதவிய கருவி, பதவி உயர்வையும் ஆராய்ச்சிப் பணத்தையும் அளக்கும் கோலாயிற்று. கருவிலுள்ள சஞ்சிகையை எந்தப் பல்கலைக்கழகமும் கைவிடத் துணியாது என்பதை வியாபாரிகள் கண்டுகொண்டனர். 1951 இல் பேர்கமன் பதிப்பகத்தைக் கையிலெடுத்த றொபேட் மக்ஸ்வெல், 1991 இல் அதை எல்சேவியருக்கு 44 கோடிப் பவுணுக்கு விற்றார். மக்களின் வரிப்பணத்தில் ஆய்வு நடக்கிறது. ஆய்வாளர் ஊதியமின்றி எழுதுகிறார். மற்றோர் ஆய்வாளர் ஊதியமின்றி மதிப்பிடுகிறார். அதே பல்கலைக்கழகம் அதை விலைகொடுத்து வாங்குகிறது. தன் உழைப்பின் விளைவைத் தானே வாங்கும் தொழிலாளியின் நிலையை நூல்களிற் கற்ற எம் வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிர்ப்பு எழுந்தது இயல்பே. 1991 இல் பௌதிகவியலாளர் போல் கின்ஸ்பார்க் கட்டுரைகளை அச்சுக்கு முன்பே எல்லோர்க்கும் திறந்துவிடும் களஞ்சியம் ஒன்றை அமைத்தார். பிரேசில் நாட்டில் 'சியெலோ' என்னும் தொகுப்பு 1998 இல் பொதுப்பணத்தில் இயங்கத் தொடங்கியது. 2002 பெப்ரவரியில் புடாபெஸ்ட் பிரகடனம் வெளிவந்தது. கதவு திறந்தது. ஆயின், யார் செலவை ஏற்பது என்ற இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, சியெலோவைப்போல அரசும் பல்கலைக்கழகமும் ஏற்பது. மற்றது, எழுதுபவரிடமே கட்டணம் அறவிடுவது. 'நேச்சர்' 2020 இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. எமது விரிவுரையாளர் ஒருவரின் பல மாதச் சம்பளத்தை அது விழுங்கிவிடும்.

வாசகனிடம் பணம் பெற்ற காலத்தில், குப்பையை அச்சிட்டால் வாங்குவோர் குறைவர் என்ற அச்சமாவது பதிப்பாளனுக்கு இருந்தது. எழுதுபவரிடம் பெறும்போது ஏற்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் வருமானம், தள்ளப்படுவது நட்டம். விளைவை நாம் கண்டோம். 2013 இல் ஜோன் பொகானன் என்னும் பத்திரிகையாளர், வெளிப்படையான தவறுகள் மலிந்த போலிக் கட்டுரை ஒன்றைச் சிற்சில மாற்றங்களோடு 304 திறந்த சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 157 ஏற்றன, 98 மறுத்தன. ஏற்றவற்றுள் பெரும் பதிப்பகங்களைச் சார்ந்தனவும் இருந்தன. விலைக்கு விற்கும் சஞ்சிகைகளையும் அவ்வாறே சோதித்திருந்தால் என்னவாகியிருக்கும்? அதை அவர் செய்யவில்லை; ஆதலின் குற்றத்தைத் திறந்த கதவின்மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று. இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு 2018 இல் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 சஞ்சிகைகளை நீக்கியது. 2023 இல் வைலி நிறுவனத்தின் கீழிருந்த ஹிந்தாவி சஞ்சிகைகளில் 8,000 இற்கு மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன.

அப்படியாயின் யாரேனும் ஒரு கறுப்புப் பட்டியல் தந்தால் போதாதா? அமெரிக்க நூலகர் ஜெப்ரி பீல் அத்தகைய பட்டியல் ஒன்றைப் பல்லாண்டு பேணினார். 2017 ஜனவரியில் அது மறைந்தது. ஏமாற்றுக்காரர் பலரை அவர் வெளிப்படுத்தினார் என்பதை மறுக்க முடியாது. ஆயினும், அதே மனிதர் 2015 இல் சியெலோவைப் பிரசுர உலகின் சேரியோ என்று கேட்டார். ஏழை நாட்டின் சஞ்சிகையும் ஏமாற்றுச் சஞ்சிகையும் அவர் கண்ணுக்கு ஒருசேரத் தெரிந்தன. தனியொருவரின் பட்டியலிடம் எமது அறிவை அடகு வைப்பதன் ஆபத்து இதுதான்.

நாம் செய்து பார்த்துப் பயன் கண்ட முறை எளியது. முதலிற் சஞ்சிகையின் செலவை ஏற்பவர் யார் என்று பார்க்கிறோம். ஆசிரியர் குழுவினர் உண்மையில் அத்துறையில் எழுதியோர்தாமா, கட்டுரை பின்னர் மீளப்பெறப்பட்டதா என்று தேடுகிறோம். 2003 இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திறந்த சஞ்சிகைகளின் விவரக்கொத்து இதற்குக் கைகொடுக்கும். அதுவும் 2016 இல் மறுபரிசீலனை செய்து ஏறத்தாழ 3,300 சஞ்சிகைகளை விலக்கியது. அதன்பின் முடிவுரையை விட்டுவிட்டு, ஆய்வு செய்யப்பட்ட முறை கூறும் பகுதியைப் படிக்கிறோம். தனியே படிப்பதிலும் இருவர் மூவர் கூடிப் படிப்பது மேல். ஒருவர் கண்ணுக்குத் தப்புவது மற்றவர் கண்ணிற் படும்.

இனிப் பிறட்போட்டின் கடைசி வரி. வெளிவட்டத்துச் சஞ்சிகைகள் 258 இலும் 404 கட்டுரைகள் கிடந்தன அல்லவா? ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு! கருவை மட்டும் படிப்பவன் இதனை இழக்கிறான். எமது நாட்டுச் சஞ்சிகைகள் பெரும்பாலும் அவ்வெளிவட்டத்திலேயே உள்ளன. அவற்றுட் பல இன்று இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லின் கீழுள்ள நீரில் நைத்திரேற்று மிகுவது பற்றிய கட்டுரைகள் எமக்கு உயிர்ப்பிரச்சினை. தாக்கக் காரணி அவற்றை எங்கே வைக்கும் என்பது வேறு கதை. அத்தகைய கட்டுரையை எடுத்துக்கொண்டு, எத்தனை கிணறுகள், எந்தக் கிராமங்கள், மாதிரி எடுத்தது மாரியிலா கோடையிலா, அருகில் வெங்காயத் தோட்டம் இருந்ததா, மலசலகூடக் குழி எத்தனை அடி தூரத்தில் என்று கேட்பதற்கு, அக்கிணற்றில் நீர் அள்ளிக் குடித்து வளர்ந்த மாணவனைவிடத் தகுந்த மதிப்பீட்டாளர் லண்டனிலும் இல்லை.