காண்ட்ராக்ட் யாருக்கு? கணக்கு யார் கையில்?

1942 அக்டோபர் 29 அன்று அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு நீண்ட மனுவைக் கொடுத்தார். பட்டியல் சாதியினரின் குறைகளைப் பற்றிய மனு அது. அப்போது அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினர். அந்த மனுவின் விளைவாக நடந்த ஒன்று நம் எல்லோருக்கும் தெரியும்: 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. இடஒதுக்கீட்டு வரலாறு பேசும் எல்லா மேடைகளிலும் இதைச் சொல்கிறோம். அதே மனுவில் இருந்த இன்னொரு கோரிக்கையைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அரசு ஒப்பந்தங்களில் பங்கு வேண்டும் என்று கேட்டிருந்தார். மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்ததாரர்கள் ஆயிரத்துக்கும் மேல். அதில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் ஒரே ஒருவர் என்று எண்ணிக்கையோடு எழுதியிருந்தார்.

வேலைக் கோரிக்கை அரசாணையானது. ஒப்பந்தக் கோரிக்கை எங்கே போனது? இதற்குப் பதில் தேட அமெரிக்கா வரை போய்வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அரசு தன் பணத்தை யாரிடம் செலவழிக்கிறது, எந்தக் கணக்கில் செலவழிக்கிறது என்ற சண்டை அங்கேதான் நூறு வருடமாக வெளிப்படையாக நடக்கிறது. நம்முடைய கோரிக்கைகள் சில அங்கிருந்து வந்தவையும்கூட.

1927இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட அரசு டெண்டர் விட்டது. அலபாமாவைச் சேர்ந்த ஒரு ஒப்பந்ததாரருக்கு வேலை கிடைத்தது. அவர் தெற்கிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களை அழைத்து வந்து வேலையைத் தொடங்கினார். தொகுதி எம்.பி. ராபர்ட் பேகன் கொதித்துப்போய் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். பல சுற்றுகளுக்குப் பிறகு அது 1931இல் டேவிஸ்-பேகன் சட்டம் ஆனது. அரசுக் கட்டுமான வேலைகளில் அந்தந்த ஊரில் நடப்பில் உள்ள கூலியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அதன் சாரம். கேட்க நல்ல சட்டம்தான். ஆனால் காங்கிரஸ் விவாதத்தில் சில உறுப்பினர்கள் மலிவான கறுப்புத் தொழிலாளர்களை வெளியே நிறுத்துவதுதான் நோக்கம் என்று மறைக்காமலே பேசினார்கள். அன்றைய வெள்ளைச் சங்கங்கள் பலவும் கறுப்பர்களைச் சேர்க்காதவை. பின்னாளில் இதே சட்டம் கறுப்பினத் தொழிலாளர்களின் கூலியையும் காப்பாற்றியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு சட்டத்தின் பிறப்பைக் கொண்டு மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது. எனக்கு இதில் முக்கியம் வேறு: அரசு ஒப்பந்தத்தில் "கூலி" என்ற ஒரு வரி எப்படி எழுதப்படுகிறது என்பதே இன அரசியலாக இருந்தது.

அடுத்தது 1941. ரயிலின் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினப் பணியாளர்களின் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். போருக்காக ஆயுதத் தொழிற்சாலைகளில் அரசுப் பணம் ஆறாக ஓடுகிறது, கறுப்பர்களுக்கோ வாசலிலேயே வேலை இல்லை என்கிறார்கள். வாஷிங்டனுக்குப் பேரணி வருவோம் என்று ராண்டால்ஃப் அறிவித்தார். ஜூன் 25 அன்று ரூஸ்வெல்ட் இறங்கி வந்து 8802 என்ற நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். பாதுகாப்பு ஒப்பந்தங்களில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற நிபந்தனை சேர்க்கப்பட வேண்டும் என்றது அது. அதைக் கண்காணிக்க அமைத்த குழுவுக்குப் பல் இல்லை. 1946இல் காங்கிரஸ் பணம் ஒதுக்காமல் அதை மூடியது. ஆனாலும் ஒரு கதவு திறந்துவிட்டது. ஒப்பந்தம் என்பது வெறும் வாங்கல் விற்றல் அல்ல, அரசு தன் பணத்தோடு நிபந்தனையும் அனுப்பலாம் என்பது நிலைபெற்றது. ராண்டால்ஃப் பேரணி அறிவித்ததற்கும் அண்ணல் மனு கொடுத்ததற்கும் இடையே இரண்டு வருடம்கூட இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். மாணவர்கள் பலருக்கு இந்த இடத்தில் தூக்கம் வரும், தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

போர் விமானம், நீர்மூழ்கிக் கப்பல் போன்றவற்றுக்குக் கடைவிலை கிடையாது. தயாரிப்பவர் ஒருவரோ இருவரோதான். ஆகவே அமெரிக்க அரசு பல ஒப்பந்தங்களில் "உனக்கு ஆன செலவு, அதன்மேல் லாபம்" என்ற முறையில் பணம் கொடுக்கிறது. அப்படியானால் "ஆன செலவு" எது என்று தீர்மானிப்பவன்தான் ராஜா. இரும்பும் தொழிலாளியின் கூலியும் நேரடிச் செலவு. தலைமை அலுவலக வாடகை, மேலாளர் சம்பளம், இயந்திரத் தேய்மானம் எல்லாம் மேல்செலவு. ஒரே கம்பெனி அரசுக்கும் விற்கிறது, தனியாருக்கும் விற்கிறது. மேல்செலவை எந்தப் பக்கம் அதிகம் ஏற்றுவது? அரசு ஒப்பந்தத்தின் மேல்தான். ஒரே செலவை ஒருமுறை நேரடியாகவும் இன்னொரு முறை மேல்செலவுக்குள் ஒளித்தும் இருமுறை வாங்கலாம்.

இதை உடைத்துப் பேசியவர் அட்மிரல் ரிக்கோவர், அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிகளின் தந்தை என்று சொல்லப்படுபவர். 1968இல் நாடாளுமன்றக் குழு முன்பு, ஒப்பந்ததாரர்கள் ஆளுக்கொரு கணக்கு முறை வைத்திருப்பதால் ஒரு பொருளுக்கு உண்மையில் என்ன செலவானது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றார். பெரும் கம்பெனிகள் கடுமையாக எதிர்த்தும், 1970இல் சட்டம் வந்தது. அடக்கவிலைக் கணக்கியல் தரநிலை வாரியம் அமைந்தது. தலைமைத் தணிக்கையாளர் எல்மர் ஸ்டாட்ஸ் அதன் தலைவர். பத்து வருடத்தில் 19 தரநிலைகளை வகுத்தார்கள். விலை கேட்கும்போது எந்த முறையில் கணக்கிட்டாயோ, செலவு காட்டும்போதும் அதே முறை. ஒரு செலவை இரு இடத்தில் காட்டாதே. அரசு ஏற்காத செலவைத் தனியே பிரித்து வை. நம் ஊர் மளிகைக் கடை நோட்டுக்கே பொருந்தும் விதிகள். இதற்கே அத்தனை எதிர்ப்பு. 1980இல் வாரியத்துக்குப் பணம் நிறுத்தப்பட்டு மூடப்பட்டது. 1988இல்தான் மீண்டும் உயிர் வந்தது.

இடையில் என்ன ஆனது? 1983இல் கடற்படை ஒரு சுத்தியலுக்கு 435 டாலர் கொடுத்தது வெளியே வந்து ஊரே சிரித்தது. சுத்தியலின் விலை சில டாலர்தான். மொத்த ஆர்டரின் பொறியியல் மேல்செலவை எல்லாப் பொருள் மீதும் சமமாகப் பிரித்துப் போட்டதால், சிக்கலான கருவிக்கும் சுத்தியலுக்கும் ஒரே பங்கு விழுந்தது. 1985இல் ஒரு பெரும் ஆயுதக் கம்பெனி தன் நிர்வாகியின் நாயைக் காப்பகத்தில் விட்ட கட்டணத்தையும் அரசுக் கணக்கில் ஏற்றியது விசாரணையில் அம்பலமானது.

நாயின் செலவு "செலவு" ஆன அந்த ஆண்டுகளில்தான் ரிச்மண்ட் வழக்கும் தொடங்கியது.

விர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட், ஒரு காலத்தில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் தலைநகரம். 1980களில் அதன் மக்களில் பாதிப்பேர் கறுப்பர்கள். 1978 முதல் 1983 வரை நகராட்சி கொடுத்த முதன்மைக் கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் போனது 0.67 விழுக்காடு. 1983இல் நகர மன்றம் ஒரு விதி போட்டது: ஒப்பந்தம் எடுப்பவர் அதன் மதிப்பில் 30 விழுக்காட்டைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகத் தர வேண்டும்.

நகரச் சிறையில் கழிவறைச் சாதனங்கள் பொருத்தும் வேலைக்கு டெண்டர் வந்தது. குரோசன் என்ற கம்பெனி மட்டுமே விண்ணப்பித்தது. சாதனங்களை வாங்கித் தர ஒரு கறுப்பினத்தவரின் நிறுவனத்தை அணுகியது. அந்த நிறுவனம் விலை கேட்டு விற்பனை முகவர்களிடம் போனது. ஒருவர் ஏற்கெனவே குரோசனுக்கே நேரடியாக விலை கொடுத்துவிட்டேன், உனக்குத் தர மாட்டேன் என்றார். மற்றவர் உன் கடன் தகுதியைச் சரிபார்க்க வேண்டும், குறைந்தது 30 நாள் ஆகும் என்றார். இத்தனைக்கும் பிறகு அந்த நிறுவனம் கொடுத்த விலை, குரோசன் போட்டிருந்த விலையைவிடக் கூடுதல். இவர்களிடம் வாங்கினால் எனக்கு 7,663 டாலர் அதிகம் ஆகும், விலக்கு கொடுங்கள், இல்லையென்றால் ஒப்பந்தத் தொகையை ஏற்றுங்கள் என்றது குரோசன். நகராட்சி மறுத்து மறு டெண்டர் விடுவதாகச் சொன்னது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1989 ஜனவரியில் 6க்கு 3 என்ற கணக்கில் ரிச்மண்டின் விதி செல்லாது என்று தீர்ப்பானது. கட்டுமானத் துறையில் இந்த நகரத்தில் யார், எப்படிப் பாகுபாடு காட்டினார்கள் என்று நகராட்சி குறிப்பாக நிரூபிக்கவில்லையாம். கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக எதிர்த்து எழுதினார்.

அந்த 7,663 டாலரைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். முகவர் விலை தர மறுத்ததும், முப்பது நாள் காத்திரு என்றதும், தலைமுறையாகக் கடன் கிடைக்காததும் சேர்ந்து உருவானவைதான் இப்படிப்பட்ட வித்தியாசங்கள். ஆனால் டெண்டர் தாளில் அது "கறுப்பரிடம் வாங்கினால் விலை அதிகம்" என்று மட்டுமே பதிவாகும். சுத்தியலின் மேல் ஏற்றிய மேல்செலவைப் பிரித்துப் பார்க்கத் தணிக்கையாளர் இருக்கிறார், தரநிலை இருக்கிறது. ஒதுக்கலின் மேல்செலவைப் பிரித்துப் பார்க்க எந்தக் கணக்கு விதியும் இல்லை. நம் தோழர்கள் யாராவது டெண்டர் போட்டுப் பார்த்திருந்தால் தெரியும்: பிணை வைப்புத் தொகை, சால்வன்சி சான்று, முந்தைய மூன்று வருட வரவுசெலவு, இதே அளவு வேலையை முன்பே செய்த அனுபவச் சான்று. சாதிப் பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

இந்த அமெரிக்க அனுபவத்தை நேராக நம் பக்கம் கொண்டுவந்தது 2002 ஜனவரியின் போபால் மாநாடு. சந்திரபான் பிரசாத் போன்றோர் அமெரிக்கக் கம்பெனிகளும் அரசும் கறுப்பினச் சப்ளையர்களிடம் வாங்கும் முறையை எடுத்துக்காட்டி, இங்கும் வேண்டும் என்றார்கள். முதல்வர் திக்விஜய் சிங் மத்தியப் பிரதேசத்தில் அரசுக் கொள்முதலில் 30 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரிடமிருந்து வாங்கும் திட்டத்தை அறிவித்தார். அடுத்த தேர்தலில் அவர் ஆட்சி போனது, திட்டமும் மங்கியது. சில முதலாளிகளை உருவாக்குவது சாதி ஒழிப்பாகுமா என்று அப்போதே இடதுசாரித் தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கோடிக்குப் பொருள் வாங்கும் அரசிடம் பங்கு கேட்காமல் இருப்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது என்பது என் கருத்து.

கர்நாடகம் இதில் முன்னே போனது. 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி 50 லட்சம் வரையிலான அரசு வேலைகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15, பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடு ஒதுக்கீடு. பிறகு அந்த வரம்பு ஒரு கோடி ஆனது. தமிழ்நாட்டில் சமூகநீதி பேசாத கட்சி இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் ஒதுக்கீடு என்றால் கர்நாடகத்தைத்தான் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

மத்திய அரசு 2012இல் ஒரு கொள்முதல் ஆணை போட்டது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் குறு, சிறு நிறுவனங்களிடம் 20 விழுக்காடு வாங்க வேண்டும். அதற்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களிடம். 2015 ஏப்ரலிலிருந்து கட்டாயம். 2018இல் மொத்த அளவை 25 ஆக உயர்த்தினார்கள், பெண்களுக்கு 3 விழுக்காடு சேர்த்தார்கள். நம் 4 அப்படியே நின்றது. அந்த 4ம் காகிதத்தில்தான். நடப்பு அதற்கு வெகு கீழே. காரணம் ஆணைக்குள்ளேயே இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனங்கள் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டால், அல்லது நிபந்தனைகளையும் எல்-1 விலையையும் எட்டாவிட்டால், அந்தப் பங்கை மற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். ரிச்மண்டில் குரோசன் நீதிமன்றம் போய்க் கேட்ட விலக்கு இங்கே ஆணையிலேயே எழுதித் தரப்பட்டிருக்கிறது.

எல்-1 என்றால் குறைந்த விலை. இயந்திரம் வாங்கும் டெண்டரில் விலை குறைந்தால் யாரோ லாபத்தைக் குறைத்துக்கொண்டார்கள் எனலாம். குப்பை அள்ளும் டெண்டரில் செலவின் பெரும்பகுதி கூலிதான். அங்கே விலை குறைந்தால் யாருடைய வயிற்றிலிருந்து குறைந்தது? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு இரவும் பகலும் அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் இதைத்தான் கேட்டார்கள். தனியாருக்கு விடும் ஒவ்வொரு தூய்மை ஒப்பந்தத்துக்கும் மதிப்பீடு இருக்கிறது. ஓர் ஆளுக்கு என்ன கூலி, எவ்வளவு பி.எஃப்., கையுறைக்கு எவ்வளவு, மேல்செலவு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்ற பிரிவு அதில் இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி உங்கள் நகராட்சியில் கேட்டுப் பாருங்கள். வணிக ரகசியம் என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். அந்த மறுப்புக் கடிதத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

2012 ஆணையைப் படிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். அது சிறு நிறுவனங்கள் செய்யும் பொருள்களுக்கும் தரும் சேவைகளுக்கும்தான். சாலை, பாலம், கட்டடம் என்ற வேலை ஒப்பந்தங்கள் அதில் சேராது. 1942இல் அண்ணல் எண்ணிக் காட்டியது பொதுப்பணித் துறையின் அந்த ஒப்பந்ததாரர்களைத்தான்.

ஜெய் பீம்.