குழந்தைகளுக்கான கோட்டை

‘டெக்கோன்கின்கிரீட்’ படத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பிடித்தது அந்த இரண்டு பையன்களின் தாவல்தான். கரண்ட் கம்பத்திலிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து தெருவுக்கு என்று குரோவும் ஷிரோவும் பறந்துகொண்டே இருப்பார்கள். குரோ என்றால் கறுப்பு, ஷிரோ என்றால் வெள்ளை. அப்பா அம்மா கிடையாது. யாரோ விட்டுப்போன பழைய கார்தான் வீடு. ஆனாலும் தக்காராமாச்சி என்கிற அந்த நகரமே தன்னுடையது என்பான் குரோ. யார் கேட்டு வந்தாலும் அடிதான்.

தாய்யோ மாட்சுமோட்டோ 1993-94இல் தொடராக வரைந்த மாங்கா இது. 2006இல் அமெரிக்கரான மைக்கேல் அரியாஸ் படமாக்கினார். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான ஜப்பானியச் சொல்லை ஒரு குழந்தை குழறிச் சொன்னால் வருவதுதான் தலைப்பு.

போருக்குப் பிந்தைய டோக்கியோவைப் பற்றிக் கொஞ்சம் படித்த பிறகு இரண்டாவது தடவை பார்த்தேன். அப்போது தாவல் கண்ணில் படவில்லை.

1945 மார்ச் 10, விடியும் முன் டோக்கியோமேல் நெருப்புக் குண்டுகள் விழுந்தன. ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை முன்பே கிராமங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் பிழைத்தார்கள்; திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. 1948 பிப்ரவரியில் அரசு எடுத்த கணக்குப்படி ஜப்பானில் அநாதைக் குழந்தைகள் 1,23,511 பேர். சொந்தக்காரர்கள் வீட்டில் ஒண்டியவர்கள் நிறைய. அதுவும் வாய்க்காதவர்கள் உவேனோ ரயில் நிலையத்தின் சுரங்கப்பாதையில் படுத்தார்கள். ஷூ துடைத்தார்கள், சிகரெட் துண்டு பொறுக்கினார்கள், திருடவும் செய்தார்கள்.

அவர்களைப் பிடித்து விடுதிகளில் அடைக்க அதிகாரிகள் வந்தார்கள். அந்தப் பிடிப்புக்கு வைத்த பெயர் ‘கரிகோமி’. மிருகங்களை வேட்டையாடிப் பிடிப்பதற்கான சொல். பிடித்த பிள்ளைகளை ஆடு மாடு எண்ணுகிற மாதிரி எண்ணினார்கள் என்று தப்பிப் பிழைத்தவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் காகிதத்தில் அதற்குப் பெயர் பாதுகாப்பு. எல்லாம் குழந்தைகளின் நன்மைக்குத்தான்!

மாட்சுமோட்டோ வரைந்தது அந்தக் காலத்தை அல்ல. 1980களின் கடைசியில் ஜப்பானில் நிலத்தின் விலை தாறுமாறாக ஏறியது. பழைய வீடுகளையும் சின்னக் கடைகளையும் காலி செய்யவைத்து மனைகளை ஒன்றுசேர்த்து விற்பதே ஒரு தொழிலானது. மறுத்தவர்களை மிரட்ட யாகுசா ஆட்கள் போனார்கள். அந்தக் குமிழி வெடித்துக் கொஞ்ச நாளில் இந்த மாங்கா வருகிறது. கதையில் பாம்பு என்ற பெயரோடு ஒருவன் வெளியிலிருந்து வந்து, யாகுசா துணையோடு தக்காராமாச்சியில் ஒரு கேளிக்கைப் பூங்கா கட்டுகிறான். அதன் பெயர் ‘குழந்தைகளின் கோட்டை’.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குழந்தைகளுக்காகக் கட்டுகிற கோட்டை, அதற்கு இடைஞ்சல் இரண்டு குழந்தைகள். அவர்களைத் தீர்த்துக்கட்ட ஆள் அனுப்புகிறான் பாம்பு. டிக்கெட் வாங்கி வருகிற பிள்ளை வேண்டும், தெருவிலேயே கிடக்கிற பிள்ளை வேண்டாம். உவேனோவில் நடந்ததும் பாம்பு செய்வதும் ஒன்று என்று சொல்லமாட்டேன். அங்கே சோறாவது போட நினைத்தார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் குழந்தையின் பெயரைச் சொல்லித்தான் குழந்தையை அப்புறப்படுத்துகிறார்கள். நீ எங்கே இருக்க விரும்புகிறாய், யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று ஒருத்தரும் அவர்களைக் கேட்கவில்லை.

படம் இதில் சுலபமாகப் பக்கம் சாய்ந்துவிடவில்லை. கத்திக்குத்துப் பட்ட ஷிரோவைப் போலீஸ் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. நல்ல போலீஸ்காரர்கள்தான். குரோவும் தடுக்கவில்லை, போகட்டும் என்று விட்டுவிடுகிறான். படுக்கை உண்டு, சாப்பாடு உண்டு, குத்த வருகிறவன் இல்லை. சரியான முடிவுதானே என்று முதல் தடவை நானும் நினைத்தேன். அதற்கப்புறம்தான் குரோவுக்குப் புத்தி பேதலிக்கத் தொடங்குகிறது. தெருவில் அவன் காத்துக்கொண்டிருந்தது நகரத்தை மட்டும் இல்லை.

இப்போது பார்க்கும்போதெல்லாம் ஷிரோவைக் கூட்டிப்போகிற அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறேன். சுரங்கப்பாதையில் அண்ணனை ஒரு வண்டியிலும் தம்பியை இன்னொரு வண்டியிலும் ஏற்றியிருப்பார்களோ என்ற நினைப்பு வந்துவிடுகிறது.