தெருதான் அப்போ ஃபீட்: புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஏறிய கதை

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஆசைப்பட்டு வாங்கி, இன்னும் ஒரு தடவைகூட வெளியே போட்டுக்கிட்டுப் போகாத டிரஸ் உங்க பீரோவுல இருக்கா?

நிறைய பேருக்கு இருக்கும். ரீல்ஸ்ல பார்த்தப்போ பிடிச்சிருந்தது. சேவ் பண்ணி வச்சோம், ஆஃபர் வந்ததும் வாங்கினோம். ஆனா அதைப் போட்டுக்கிட்டு தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கணும்னு நினைச்சதும் ஒரு தயக்கம். யாரு என்ன சொல்வாங்களோ! போன்ல அந்த மாதிரி உடையில நூறு பேரைப் பார்த்தாச்சு. நம்ம தெருவுல ஒருத்தரையும் பார்க்கலை. சிக்கல் அங்கேதான் இருக்கு.

ஒரு புதுப் பழக்கம், ஒரு புதுத் தோற்றம், "என்ன இது கூத்து" என்ற நிலையிலிருந்து "சரி, இதுல என்ன இருக்கு" என்ற நிலைக்கு எப்படி வருது? போனும் ஃபீடும் இல்லாத காலத்துல இது நடந்த ஒரு ஊர் இருக்கு. புதுக்கோட்டை மாவட்டம். 1991, 92ஆம் ஆண்டுகள். அந்தக் கதைதான் இன்னைக்கு.

சைக்கிள் இருந்தது, பெண்களுக்கு இல்லை

புதுக்கோட்டை 1948 வரை தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். 1974 ஜனவரியில் தனி மாவட்டமானது. மழையை நம்பிய வறண்ட பூமி. ஊருக்கும் ஊருக்கும் இடையில் நீண்ட தூரம். கல் குவாரி வேலை, விவசாயக் கூலி வேலை என்று உழைப்பில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பெண்கள் பொது இடத்தில் தென்படுவது பற்றிய சண்டை இந்த ஊருக்குப் புதுசில்லை. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, 1904இல் அங்கிருந்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி. எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகுதான் சேர முடிந்தது. பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாம் அறியும் அதே பெண்தான். ஒரு பெண் வகுப்பறைக்குள் வந்து உட்கார்வதற்கு அன்றைக்கு மன்னரே தலையிட வேண்டியிருந்தது.

இப்போ 1991க்கு வருவோம். கிராமத்து வீடுகளில் சைக்கிள் பார்க்காத கண் இல்லை. ஆனால் ஓட்டுவது ஆண். பெண்ணுக்குப் பின் கேரியர். சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகணும்னா அப்பா, அண்ணன், கணவன், மகன் யாராவது வரணும். இல்லைன்னா பஸ்ஸுக்குக் காத்திருக்கணும். பஸ் எப்போ வரும்னு யாருக்குத் தெரியும்? கணவன் ஊரில் இல்லையென்றால் வீட்டில் சைக்கிள் சும்மா நிற்கும். பக்கத்திலேயே பெண் நடந்து போவாள். அவளுக்குக் கால் இருக்கு, பலம் இருக்கு, வண்டியும் இருக்கு. ஓட்டினால் ஊர் சிரிக்கும் என்ற ஒரே காரணம்தான் நடுவில் நின்றது.

எழுத்தோடு சேர்த்து ஒரு சக்கரம்

1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த உற்சாகம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அறிவொளி இயக்கம் என்ற பெயரில் மாவட்டம் மாவட்டமாக எழுத்தறிவு வகுப்புகள் தொடங்கின. புதுக்கோட்டையில் அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். மத்திய ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவர் ந. கண்ணம்மாள்.

வகுப்புகள் இரவில், உள்ளடங்கிய கிராமங்களில் நடந்தன. அங்கே போய்ச் சேர்வதே பெண் தொண்டர்களுக்குப் பெரும் பாடு. அப்போதுதான் கலெக்டருக்கு யோசனை வந்தது: தொண்டர்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தால் என்ன? பிறகு அது இன்னும் விரிந்தது. எழுதப் படிக்கக் கற்பதைப் போலவே, தன் விருப்பப்படி ஓரிடத்துக்குப் போய் வருவதும் ஒரு கல்வி என்று முடிவானது. சைக்கிள் எழுத்தறிவுத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆனது. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடும் செய்யப்பட்டது.

முதலில் கற்றது தொண்டர்கள். அவர்களைப் பார்த்து, அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த பெண்கள் "எங்களுக்கும் வேணும்" என்றார்கள். கூலித் தொழிலாளிகள், குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம நர்சுகள், சத்துணவு ஊழியர்கள், ஆசிரியைகள் என்று வரிசை நீண்டது. சுமார் ஒன்றரை ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பத்து வயதுக்குக் கீழான சிறுமிகளைக் கழித்துவிட்டால், மாவட்டத்தின் கிராமப் பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். ஒரு நிமிஷம் நிறுத்தி அந்த எண்ணை யோசிச்சுப் பாருங்க.

உடை முதலா, வண்டி முதலா?

இங்கே கொஞ்சம் வெளியூர் போய்ட்டு வரலாம். சைக்கிளையும் பெண்ணின் உடையையும் பிரிக்கவே முடியாத ஒரு பழைய கதை இருக்கு.

1851இல் அமெரிக்காவில் அமேலியா ப்ளூமர் என்ற பத்திரிகையாளர் ஒரு புது உடைக்கு ஆதரவாக எழுதினார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பாவாடை, அதற்கு உள்ளே கணுக்கால் வரை தொளதொளப்பான கால்சட்டை. நடக்க வசதி, தெருப்புழுதி ஒட்டாது. ஆனால் கேலிச் சித்திரங்கள் குவிந்தன, தெருவில் சீட்டி அடித்தார்கள். இன்றைய வார்த்தையில் சொன்னால் ட்ரோல் பண்ணியே ஓரம்கட்டினார்கள். சில ஆண்டுகளில் பெரும்பாலோர் அந்த உடையைக் கைவிட்டார்கள். 1881இல் லண்டனில் தொடங்கிய ஒரு சங்கம், பெண்ணின் உள்ளாடைகளின் மொத்த எடை 7 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று கேட்டது. அதாவது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இதுவே குறைத்துக் கேட்டதுன்னா, அன்றைக்கு அவங்க சுமந்தது எவ்வளவு இருந்திருக்கும்!

1890களில் சைக்கிள் மோகம் வந்தபோதுதான் காற்று திசை மாறியது. நீளப் பாவாடை செயினில் சிக்கும். அதனால் கால்சட்டை உடைக்கு ஒரு வேலை கிடைத்தது. அப்போதும் எதிர்ப்பு ஓயவில்லை. 1898இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஹார்பர்ட்டன் சீமாட்டி சைக்கிள் உடையில் ஒரு ஹோட்டலுக்குப் போனார். காபி அறையில் உட்கார அவரை அனுமதிக்கவில்லை. வழக்கு அடுத்த ஆண்டு நீதிமன்றம் போனது. ஹோட்டல் பக்கம்தான் தீர்ப்பு. ஆனாலும் சைக்கிளில் போகும் பெண்களின் கூட்டம் நிற்கவில்லை.

லேடீஸ் சைக்கிள் ஏன் நடுவில் பார் இல்லாமல் வளைந்து இருக்கு? பாவாடையோடு ஏற வசதியாகத்தான். உடை மாற மறுத்ததால் வண்டியை மாற்றினார்கள்.

புதுக்கோட்டையில் நடந்தது இந்த இரண்டும் இல்லை. புது உடை வரும்வரை அந்தப் பெண்கள் காத்திருக்கவில்லை. வழக்கமாகக் கட்டும் சேலையிலேயே, தாவணியிலேயே ஏறினார்கள். பயிற்சி முகாமுக்கு இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கிட்டத்தட்டத் திருவிழாவுக்குப் போவது போல. லேடீஸ் சைக்கிள் கடைகளில் தட்டுப்பாடானபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதையே விரும்பிக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஏன் தெரியுமா? நடுவில் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்! ஸ்டைல் என்பது அவர்களுக்கு வேலையிலிருந்து பிறந்தது.

பார்க்கிற கண்ணை எப்படி மாற்றினார்கள்?

ஆரம்பத்தில் கேலி இல்லாமல் இல்லை. கெட்ட வார்த்தைகளே வந்து விழுந்தன. அதைக் கேட்ட பிறகும் அவர்கள் இறங்கவில்லை. எது துணை நின்றது?

ஒன்று, யாரும் தனியாக ஏறவில்லை. ஒருத்தி ஓட்டினால் அது வேடிக்கை. முப்பது பேர் ஓட்டினால் அது பயிற்சி முகாம். ஒருத்தி மீது விழ வேண்டிய பார்வை முப்பது பேருக்குப் பங்காகிப் போனது.

இரண்டு, பாட்டு. அறிவொளித் தொண்டரான முத்துபாஸ்கரன், தங்கையைப் பார்த்து சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்வது போல ஒரு பாட்டு எழுதினார். அது கிராமம் கிராமமாகப் பரவியது. அந்தக் காலத்து வைரல் ஆடியோ என்றால் அதுதான்.

மூன்று, பகிரங்கமாகக் காட்டினார்கள். ஊர் பார்க்க நடத்திய சைக்கிள் போட்டிகளில், நிகழ்ச்சிகளில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டார்கள். 1992 சர்வதேச மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டே புதுக்கோட்டை நகரத் தெருக்களில் போனார்கள். அன்றைக்கு நகரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சைக்கிளில் ஒரு பெண். ஒரு ஊரின் ஃபீடையே அவர்கள் ரெஃப்ரெஷ் பண்ணிவிட்டார்கள்.

நான்கு, அதனால் வாழ்க்கை எளிதானது. விளைபொருளைப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்க பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் எடுப்பது, குழந்தையைக் கூட்டிப்போவது, வேலைக்குப் போவது எல்லாவற்றிலும் நேரம் மிச்சம். பயன் கண்ணுக்குத் தெரிந்த பிறகு வீட்டில் எதிர்த்தவர்களின் குரலும் தணிந்தது. ஒரு சைக்கிள் வியாபாரி, ஒரே ஆண்டில் லேடீஸ் சைக்கிள் விற்பனை 350 சதவீதம் கூடியதாகச் சொன்னார். யுனிசெஃப் நிறுவனம் பெண் தொண்டர்களுக்காக 50 மொபெட்டுகளுக்கு ஒப்புதல் அளித்தது.

இதையெல்லாம் நேரில் போய்ப் பார்த்து எழுதியவர் பத்திரிகையாளர் பி. சாய்நாத். 1996இல் வந்த அவருடைய புத்தகத்தில் இது ஒரு அத்தியாயம். பின்னாளில் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடப்புத்தகத்திலும் இடம்பெற்றது. வட இந்தியாவில் பள்ளிக்கூடம் போன எத்தனையோ பிள்ளைகளுக்குப் புதுக்கோட்டை என்றால் சைக்கிள்தான்.

கசப்பான பக்கமும் உண்டு

1995 ஏப்ரலில் சாய்நாத் திரும்பவும் போனபோது சைக்கிள் மேல் ஆசை குறையவில்லை. ஆனால் ஒரு சைக்கிள் விலை சுமார் 1,400 ரூபாய். கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு அது பெரிய தொகை. ஓட்டத் தெரியும், ஓட்ட வண்டி இல்லை. கூச்சத்தைப் பாட்டும் கூட்டமும் உடைத்துவிடும். பணத்தட்டுப்பாட்டை உடைக்க வேறு ஏற்பாடு வேணும். 2001-02இல் தமிழக அரசு பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. இன்றைக்குப் பள்ளிவிடும் நேரத்தில் சீருடையும் இரட்டைப் பின்னலுமாய் சைக்கிளில் போகிற பிள்ளைகளை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உண்மையான வெற்றி அதுதான்னு நான் நினைக்கிறேன்.

அப்போ, நம்ம ஃபீட்?

இப்போ நம்ம கைக்கு வருவோம். 1991இல் ஒரு கிராமத்துப் பெண்ணின் கண்ணுக்கு எது இயல்பு என்பதைத் தெரு முடிவு செய்தது. இன்றைக்கு அந்த வேலையில் பாதியைப் போன் செய்யுது. நாம எதில் ரெண்டு விநாடி கூட நிற்கிறோமோ, அதே மாதிரி இன்னும் பத்து வந்து விழும். அதனால ஃபீடைச் சீர்பண்றதும் சின்ன வேலை இல்லை. நம்ம தெருவில் யார் நடக்கணும்னு தேர்ந்தெடுக்கிற வேலை அது.

புதுக்கோட்டை அதுக்குச் சில கேள்விகளைத் தருது. நீங்க ஃபாலோ பண்றவங்கள்ல எத்தனை பேர் நம்ம வெயிலில் நடக்கிறாங்க, நம்ம டவுன் பஸ்ஸில் ஏறுறாங்க, உங்க உடல்வாகும் உங்க நிறமும் உள்ளவங்க? அந்தக் கூலிப் பெண்ணை நம்ப வைத்தது போஸ்டரில் இருந்த முகம் இல்லை, அடுத்த வீட்டுக்காரி. உங்களைச் சின்னதாக உணர வைக்கிற அக்கவுண்ட்டை ம்யூட் பண்ணுங்க. உங்களை மாதிரியே இருக்கிற ஒருத்தரைத் தேடிப் பிடிங்க.

அடுத்தது, வேலையிலிருந்து தொடங்குங்க. ஸ்கூட்டி ஓட்ட, படியேற, எட்டு மணி நேரம் உட்கார எது வசதி? அதைக் கேட்டு எடுத்த உடை பீரோவில் தூங்காது.

ஆனா ஃபீடால முடியாத ஒண்ணு இருக்கு. லைக் போட்ட ஆயிரம் பேர் உங்ககூடத் தெருவில் நடந்து வர மாட்டாங்க. முதல் தடவை புதுசா ஒண்ணைப் போட்டுக்கிட்டு இறங்கும்போது, பக்கத்தில் ஒரு தோழி வேணும். முடிஞ்சா மூணு பேர்.

கடைசியா ஒரே ஒரு வேண்டுகோள். உங்க தெருவில் யாராவது புதுசா ஒண்ணைத் தயங்கித் தயங்கிப் போட்டுக்கிட்டு வந்தா, முறைச்சுப் பார்க்காதீங்க. சாதாரணமாக ஒரு சிரிப்பு போதும். அவங்களோட ஃபீடில் நீங்களும் இருக்கீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.