குடும்பிமலைக்குச் சைக்கிளில் போனால்

கிரானில் இருந்து மேற்கே சைக்கிளை உழக்கினால் வயல் முடிந்து காடு தொடங்கும். அதற்கு அங்கால ஒரு பாறைமலை தனியாகத் தெரியும். நாங்கள் அதைக் குடும்பிமலை என்கிறோம். சிங்களத்தில் தொப்பிகல. ஆங்கிலேயர் வைத்த பெயர் 'பாரன்ஸ் கேப்', அதாவது பிரபுவின் தொப்பி. பார்த்தவர்கள் தங்கள் தலையில் இருந்ததையே மலைக்கும் வைத்துவிட்டார்கள் போல!

இந்த மலை செய்தியில் அடிபட்டது 2007 ஜூலையில், இராணுவம் அதைக் கைப்பற்றியபோது. ஆனால் மலையின் கதை அதுமட்டும்தானா? அதே வருசம் மார்ச்சில் படுவான்கரைச் சனம் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்து எழுவான்கரைக்கு வந்தது. கரியரில் பாய், பாரில் பிள்ளை. காட்டுக்குப் போய் விறகும் தேனும் கொண்டுவந்த அதே சைக்கிள்தான் அன்றைக்கு வீட்டையும் சுமந்தது. மண்முனைப் பாலம் வந்தது 2014இல்தான். அதுவரைக்கும் அந்தத் துறையில் சைக்கிளையும் படகில் ஏற்றித்தான் வாவியைக் கடக்க வேண்டும்.

தெற்கே போனால் மாதுறு ஓயா தேசியப் பூங்கா. 1983 நவம்பரில் பிரகடனம் செய்தார்கள். மகாவலித் திட்டத்து நீர்த்தேக்கங்களின் நீரேந்து பகுதியைக் காப்பது அதன் முக்கிய நோக்கம். நல்ல நோக்கம்தான், மறுப்பதற்கில்லை. காடு அழிந்தால் குளம் தூர்ந்துபோகும். ஆனால் அதே காலத்தில்தான் தம்பானை வேடர்களில் பல குடும்பங்கள் காட்டைவிட்டு ஹெனானிகலவில் குடியேற்றப்பட்டன. தலைவர் ஊருவரிகே திசாஹாமி போக மறுத்து, சிலரோடு தம்பானையிலேயே இருந்துவிட்டார். தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் தேனெடுத்த காட்டுக்குள் போக அவர்களுக்கே அனுமதி தேவைப்பட்டது.

இது எங்கேயோ நடந்த கதை இல்லை. வாகரைப் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர்கள் இன்றைக்கும் எங்கட அயலவர்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் தொடங்கிய போராட்டமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது: காட்டுக்கும் தரைக்கும் கோடு போடும்போது, அங்கே மாடு மேய்த்தவனிடம் கேட்டார்களா?

காட்டைத் திறந்துவிடச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. யானைக்கும் காடு வேண்டும், ஆற்றுக்கும் வேண்டும். ஆனால் வரைபடமும் வர்த்தமானியும் மட்டும் வரலாறு ஆகாது. எந்தத் தடத்தில் விறகுச் சைக்கிள் போனது, எந்த மடுவில் கோடையிலும் தண்ணீர் நின்றது, யானை எங்கே கடக்கும் என்று தெரிந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். இதெல்லாம் எந்தக் கந்தோர் கோப்பிலும் ஏறாத விசயம்.

2022இல் பெற்றோல் இல்லாமல் நாங்கள் எல்லாரும் சைக்கிளுக்குத் திரும்பினோமே, நினைவிருக்கா? அது மூலையில் துருப்பிடித்துக் கிடந்தால் காற்றடித்து எடுங்கள். மழைக்காலம் வேண்டாம், வெள்ளம் வந்தால் பாதை முறியும். அந்திக்கு முன் திரும்பிவிடுங்கள், யானை வரும். போகிற வழியில் பட்டிக்காரர் யாரையும் கண்டால் நின்று கதையுங்கள். மறுகா வந்து அதை எழுதுங்கள்.